அம்புக்கு வளையமிட்ட பாண்டியம்மாள் டீச்சர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ரோஸ்லின் ஒத்தக்கடையிலிருந்து பஸ் ஏறி வந்து என் வீட்டு வாசலில் நின்றாள். நம் பள்ளியில் படித்தவள். இப்போது அவளும் ஓர் ஆசிரியை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பாண்டியம்மா டீச்சர் தவறிட்டாங்க சார். திருமங்கலத்துல, தம்பி வீட்ல. வாரீங்களா, சேந்து போயிருவோம்" என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். என்னால் முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். நான் ஏன் பேசுவதில்லை என்பதும் டீச்சரைப் பற்றிய கதையில் அடக்கம் என்பதால், என்னைப் பற்றியும் சில வரிகள் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாண்டியம்மாள் டீச்சர் நம் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. திருமங்கலத்துக்கு மேற்கே பருத்தி போடும் குடும்பத்தில் பிறந்தவர். நான் கணக்கு ஆசிரியன். அவர் பேசினால் மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும். நான் பேசினால் மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்காது. ஆசிரியர் அறையில் எங்கள் நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "சார் பக்கத்துல உக்காந்தா கோயில் மாதிரி இருக்கு, தூக்கம் வருது" என்று கேலி செய்வார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் பெண் பிள்ளைகளுக்கு வில் அம்பு சொல்லித்தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வில்லுக்கு மூங்கில் கிடைத்தது. அம்பு செய்ய என்னிடம் வந்தார். மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. பழைய தேவதாருப் பெட்டிகளைப் பிரித்துக் குச்சிகளாக அறுத்து, உருட்டி, இழைத்து, தபால் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடை ஒத்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். இறகுக்குப் பள்ளி வளாகத்து வான்கோழிகள் உதவின. திருமங்கலத்துப் பள்ளியும் கேட்கவே அவர்களுக்கும் அதே கணக்கில் செய்து கொடுத்தேன். ஒரு அம்புக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தவறு அங்கேதான் தொடங்கியது.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு திடலில் பள்ளிகளுக்கிடையே போட்டி. கடைசிச் சுற்றில் ரோஸ்லினும் திருமங்கலத்துப் பெண்ணும் ஒரே இலக்கை நோக்கி ஒரே நேரத்தில் அம்பு விட்டார்கள். ஒரு அம்பு இலக்கின் நடு மஞ்சள் வட்டத்தில் நின்றது. மற்றொன்று கீழே மண்ணில் குத்தியிருந்தது. மஞ்சளில் நிற்பது தன்னுடையது என்று இருவரும் சொன்னார்கள். பொய் சொல்லும் பிள்ளைகள் அல்லர். இருவரும் அப்படித்தான் நம்பினார்கள். நடுவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க செஞ்சதுதானே சார். யாருதுன்னு சொல்லுங்க, முடிச்சுருவோம்."

மஞ்சளில் நின்ற அம்பின் நடுவே மயிரிழை போல ஒரு கருத்த ரேகை ஓடியது. அந்தக் குச்சியை நான் ரோஸ்லினுக்குக் கொடுத்தது நினைவிருந்தது. ஆனால் என் நினைவு சரிதானா? திருமங்கலத்துக்குப் போனதிலும் அப்படி ஒன்று இருந்திருந்தால்? நம் பள்ளிக்குச் சாதகமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டால்? இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் ஓடியது. "என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்றேன். நடுவர் தன் ஊகத்தில் அந்த அம்பைத் திருமங்கலத்தின் கணக்கில் சேர்த்தார். ரோஸ்லின் அழவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வில்லின் நாணைக் கழற்றத் தொடங்கினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் டீச்சர் வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். காளவாசல் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருசம் ஒவ்வொரு பிள்ளை அம்புக்கும் ஒவ்வொரு கலர்ல வளையம் போட்டுருவோம் சார். யாருதுன்னு அம்பே சொல்லிக்கிரும். நீங்க வாயத் தொறக்க வேணாம்."

ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. அதற்காக இன்றும் அவரை வணங்குகிறேன்.

கையால் வளையம் தீட்டினால் கோணலாக வந்தது. குச்சி சுழல வேண்டும், தூரிகை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஒரு இயந்திரம் பார்த்துச் சொல்லும் பொறுப்பை டீச்சர் என்னிடம் கொடுத்தார். நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டு வேகம், நடுக்கம், பிடிமானம், தூக்கிப்போகும் வசதி என்று எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கீழவாசல் கடைசல் பட்டறையில் குச்சி அருமையாகச் சுழன்றது. ஆனால் இரும்புப் பிடி மரத்தை நசுக்கியது. மேசை விசிறியின் மோட்டார் மிகக் குறைந்த வேகத்திலும் பறந்தது. தையல் வகுப்பிலிருந்து மெஷின் மோட்டாரை இரவல் வாங்கினேன். காலால் மிதித்து வேகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது என் கணக்கு. டீச்சர் தூரிகையை வைத்தார், நான் மிதித்தேன். சிவப்பு எனாமல் பெயின்ட் சுவரிலும் காலண்டரிலும் டீச்சரின் வெள்ளைப் புடவையிலும் சிதறியது.

"எம்புட்டு வேகம் சார் உங்க காலுக்கு. வாய்க்குக் கொஞ்சம் குடுக்கலாம்ல" என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஒரு தடவைதான் அன்று நான் வாய் திறக்காததைக் குத்திக்காட்டினார். அதையும் சிரிப்போடு.

போட்டி நெருங்கியது. என் நோட்டில் கட்டங்கள் பெருகினவே தவிர முடிவு வரவில்லை. இன்னும் இரண்டு நாள் கொடுங்கள் என்று ஒரு மாலை கேட்டேன். டீச்சர் நான் துளை போட வைத்திருந்த கை டிரில்லை எடுத்து மேசையோரத்தில் படுக்க வைத்து இறுக்கினார். குச்சியின் நுனியில் துணி சுற்றி அதன் வாயில் மாட்டினார். மறுமுனைக்கு ஒரு மரக்கட்டையில் பள்ளம் வெட்டி முட்டுக் கொடுத்தார்.

"சுத்துங்க" என்றார்.

கைப்பிடியைச் சுற்றினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி, மனதுக்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவதுதான். டீச்சர் தூரிகையை வைத்து எடுத்தார். அச்சு வார்த்தது போல ஒரு சிவப்பு வளையம்.

"இம்புட்டு நாளாத் தேடுன மோட்டார் இங்கதான உக்காந்திருக்கு. உங்க கை மாதிரி ஒரே சீரா சுத்துறது கடையில கெடைக்காது சார்" என்றார்.

தயங்கித் தயங்கி எதையும் செய்யும் என் குணத்தை ஒரு குறையாகவே நான் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பயன் உண்டு என்று முதலில் கண்டவர் அவர்தான்.

இறகு ஒட்டுவதற்கு முன் எல்லாக் குச்சிகளுக்கும் வளையமிட ஒரு வாரம் ஆனது. ரோஸ்லினுக்குச் சிவப்பு இரண்டு, நடுவில் கறுப்பு. அவளுடைய அம்பு சுழன்றுகொண்டிருந்தபோது என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அன்று மஞ்சளில் நின்றது ரோஸ்லினுடையதுதான், எனக்குத் தெரியும் என்று.

டீச்சர் தூரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார். கைய நிறுத்தாதீங்க."

நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். வளையம் முடிந்து குச்சியைக் கழற்றியபின் மெதுவாகச் சொன்னார்: "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய. அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிருங்க."

மறுநாள் காலை மைதானத்தில் ரோஸ்லினைக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபப்படுவாள் என்று பயந்தேன். "அப்ப நான் சரியாத்தான் சார் விட்டிருக்கேன். எனக்கே சந்தேகம் வந்துருச்சு" என்றாள். நான் பறித்தது ஒரு பரிசை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டுப் போட்டியில் அவள் இரண்டாவதாக வந்தாள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டீச்சர் ஓய்வு பெறும்வரை ஒவ்வோராண்டும் நான் சுற்றினேன், அவர் தீட்டினார்.

செவ்வாயன்று திருமங்கலத்து வீட்டில் எல்லாம் முடிந்தபின் டீச்சரின் தம்பி ஒரு அம்பைக் கொண்டுவந்தார். பச்சை, வெள்ளை, பச்சை. "அக்கா பெட்டியில இருந்துச்சு. எந்தப் பிள்ளையோடதுன்னு தெரியல, குடுத்துரலாம்னு பாத்தேன்" என்றார். கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள்.

"டீச்சருடையது. கடைசி வருடம் தனக்கென்று போட்டுக்கொண்டது. நான்தான் சுற்றினேன்" என்றேன். வாசல் வரை கேட்டிருக்க வேண்டும். ரோஸ்லின் அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தம்பி என் கையில் கொடுத்தார்.

இதை இவ்வளவு எழுதியபின் பழைய கை டிரில்லை மேசையில் இறுக்கி, அந்த அம்பை மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். சுழலும்போது மரத்தின் ரேகைகள் எல்லாம் கலைந்து மறைந்துவிடுகின்றன. வளையங்கள் மட்டும் அசையாமல் நிற்கின்றன.

போய் வாருங்கள் டீச்சர். கையை நிறுத்தவில்லை.