ஐந்து எண்ணும் கை

என் அத்தான், அதாவது அக்கா கணவர், காகித ஆலையில் ஃபிட்டர். உலர்த்தும் பிரிவில் தலைக்கு மேலே ஓடும் பன்னிரண்டு ராட்சத விசிறிகளும் அவர் பொறுப்பு. இருபத்தாறு வருடமாக, தினமும் மேல்தளத்துக்கு ஏறி, ஒவ்வொரு விசிறியிலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் உறை மீது உள்ளங்கையை வைத்து ஐந்து வரை எண்ணுவார். ஐந்து வரை கை தாங்கினால் அதன் அருகே தொங்கும் பலகையில் ‘சரி’ என்று எழுதுவார். மூன்றிலேயே கையை இழுக்க வேண்டி வந்தால் விசிறியை நிறுத்திவிடுவார், மேனேஜரே வந்து தலைகீழாக நின்றாலும் கேட்கமாட்டார். சூடு பார்க்கும் கருவி வாங்கித் தருகிறோம் என்று ஆபீஸில் சொன்னபோது, "அதுக்கு பேட்டரி போடணும், எனக்குச் சோறு போட்டா போதும்" என்றாராம்.

அந்த விசிறிகளை ஓட்டும் ஆப்பரேட்டர் நான். சூடு என்று வாய் திறந்தால் போதும், அத்தான் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். சூடு ஏறினால் கிரீஸ் இளகி வழிந்துவிடும், இரும்பும் இரும்பும் உரசும், உரசினால் இன்னும் சூடு ஏறும். "சூட்டுல எஃகோட உறுதி ஒரு தடவை போச்சுன்னா, ஆறினதுக்கு அப்புறமும் திரும்ப வராதுடா மச்சான்." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அக்காவும் அங்கேதான் வேலை. ஒன்பதாம் விசிறிக்கு நேர் கீழே, காகிதம் தரம் பிரிக்கும் மேசையில்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அத்தான் கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் அடுப்பிலிருந்து இறக்கினார். "உன் அத்தானுக்கு எருமைத் தோல்டா, எதுவும் உறைக்காது" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை நான்காம் விசிறியில் கருகல் வாடை. உறையின் பச்சைப் பெயின்ட் பழுப்பாகியிருந்தது, கிரீஸ் கறுத்துத் தண்ணீராய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் கையை வைத்து நிதானமாக ஐந்து எண்ணினார்.

"ஒண்ணுமில்லடா. புது கிரீஸ் வச்சேன்ல, அந்த வாடை."

‘சரி’ என்று எழுதினார். எனக்கு மனசு கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்து உறை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுர்ரென்று துள்ளி மறைந்தது.

அவரைக் கேட்காமலே விசிறியை நிறுத்தினேன். ஆறியதும் கழற்றினோம். பேரிங்கின் உள்வளையத்தில் அளவுமீறிய சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. உள்ளிருந்த எஃகுக் குண்டுகள் அமுங்கிக் கோணலாகிக் கிடந்தன. அத்தான் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக ஒரு கொப்புளம்.

"வலிக்குதா அத்தான்?"

"இல்லடா." சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஒன்பதாவது... நீ வந்து கை வை. என் கை வேண்டாம்."

ஓடினோம். அதன் பலகையிலும் அன்று காலைத் தேதியில் ‘சரி’. நான் கையை வைத்தேன். ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் இழுத்துக்கொண்டேன். அத்தான் ஸ்விட்சை அணைத்துவிட்டு மேலிருந்தே அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்த இரைச்சலில் அவளுக்கு எங்கே கேட்கும்? நான் படிகளில் தாவி இறங்கி, அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏண்டா, பைத்தியமா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

அணைத்த விசிறி சுழன்று ஓய நான்கு நிமிடம் ஆகும். இது அதுவரை பொறுக்கவில்லை. தண்டு இறுகி ஒரே உதறலில் உடைந்தது. ஓர் இறக்கை விசிறியைச் சுற்றியிருந்த தகரக் கூட்டைக் கிழித்துக்கொண்டு விழுந்து, அக்காவின் நாற்காலியைத் தரையோடு நசுக்கியது.

அத்தான் தடுமாறி இறங்கி வந்தார். "மிச்ச பத்தையும் நிறுத்துடா" என்றார். அக்கா அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நான் ஸ்விட்சுகளை நோக்கி ஓடினேன். பத்து விசிறிகளும் எங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. பத்துப் பலகைகளிலும் அவர் எழுதிய ‘சரி’.