உலகம் அழிந்த பிறகும் கை கழுவியவர்

“கழுவாத கையோட ஒரு பருக்கைகூட என் வாய்க்குள்ள போனதில்ல. நாளைக்கு உலகமே அழிஞ்சாலும் போகாது!”

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனம் சுகாதாரப் பிரிவு அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டு மேஜையில் நிகழ்ந்தது. பிரகடனம் செய்தவர் உணவுக்கூடங்களைச் சோதிக்கும் ஆய்வாளர், வயது ஐம்பத்தொன்று. சமையலறைகளில் அவருக்கு வழங்கிய பெயர் டார்ச். அடுப்புக்குப் பின்னால், ஃப்ரிட்ஜுக்கு அடியில், கழுவுதொட்டியின் குழாய் வளைவில் என்று மனிதக் கண் போகக் கூடாத இடங்களுக்கெல்லாம் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கைவிளக்கோடு போய்வந்தவர். அங்கே கண்டதையெல்லாம் வீட்டில் சாப்பிடும் நேரத்தில் விவரமாகச் சொல்லும் நற்பழக்கமும் உண்டு. அந்த வீட்டில் யாருக்கும் தொப்பை கிடையாது.

எதிரே இருந்த டைப்பிஸ்ட் அம்மாள் தன் டப்பாவைப் பாதியில் மூடினார்.

“உலகம் அழிஞ்சா கழுவத் தண்ணி ஏது சார்? அப்படி ஒரு கேம் வரப்போகுதாம். உலகம் அழிஞ்சு, மிஞ்சின ஆளுங்க எல்லாரும் ஆன்லைன்ல ஒரே ஊர்ல கிடந்து பிழைக்கணுமாம். அதுல போய்க் கழுவிக் காட்டுங்க, பாப்போம்.”

சொன்னவர் அன்று மாலையே மறந்துவிட்டார். டார்ச் மறக்கவில்லை.

அந்த விளையாட்டை உருவாக்கும் கம்பெனி, வரப்போகும் அம்சங்களை வாரத்துக்கு ஒன்றாக, புதன்கிழமைதோறும் ஒரு வீடியோவில் அவிழ்த்துவிட்டது. முதல் புதன், ஊர் எவ்வளவு பெரியது என்று காட்டினார்கள். டார்ச்சுக்குக் கொட்டாவி வந்தது. இரண்டாம் புதன், உணவு அழுகும் என்றார்கள். ஒரு இறைச்சித் துண்டு முதலில் பழுப்பாகி, பிறகு பச்சையாகி, மூன்றாம் நாள் தானாகவே நெளிந்தது. பின்னணியில் உற்சாகமான இசை. டார்ச் “சீ!” என்று போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்தி இன்னும் மூன்று தடவை பார்த்தார்.

அடுத்த வாரம், காயத்துக்கு அழுக்குத் துணி கட்டினால் சீழ் பிடிக்கும் என்ற அம்சம். அதற்கடுத்த வாரம், எலியைப் பிடித்து வாட்டித் தின்னும் வசதி. வசதி என்றுதான் சொன்னார்கள். அப்புறம் வந்தது நாற்றம். குளிக்காத ஆட்டக்காரனை மற்றவர்கள் மோப்பம் பிடித்து வந்து அடிப்பார்களாம். அவன் மேல் மொய்க்கும் ஈக்களை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். பார்த்துவிட்டுக் கருத்து எழுதிய பல்லாயிரம் பேரும் “எப்ப வரும், எப்ப வரும்” என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மனிதகுலத்தின் மீது டார்ச்சுக்கு இருந்த மிச்சசொச்ச மரியாதையும் அன்றோடு போயிற்று.

அவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். தம் ஆய்வறிக்கையின் நடையிலேயே எழுதினார்.

“ஐயா, எலியை வாட்டும் முறை நான்கு நிமிடம் விளக்கப்பட்டுள்ளது. எலியைப் பிடித்த கையைக் கழுவும் முறை எங்கும் காணப்படவில்லை. குறைபாடு உடனே சரிசெய்யப்பட வேண்டும்.”

இப்படி ஏழு கடிதங்கள். ஏழுக்கும் “உங்கள் ஆர்வத்துக்கு நன்றி” என்று ஒரே பதில். எட்டாவதை அவர் எழுத உட்கார்ந்த புதன்கிழமை அந்த அறிவிப்பு வந்தது: கை கழுவலாம்! நீரைக் காய்ச்சி, கொழுப்பில் சோப்பு செய்து, இருபது விநாடி தேய்க்க வேண்டும். டார்ச் எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியது. கல்யாணத்தன்றுகூட இப்படி நின்றதில்லை என்று அவர் மனைவி பிற்பாடு சாட்சி சொன்னாள்.

அந்த மனைவிக்கு வேறொரு கவலை. அவளுடைய தம்பி ஒரு கேன்டீன் நடத்துகிறான். இரண்டு வருடத்துக்கு முன் டார்ச் அங்கே சோதனைக்குப் போனார். மேஜை துடைத்த அதே துணியால் தட்டையும் துடைப்பதைக் கண்டார். மைத்துனன் என்றும் பாராமல் ஏழு நாள் மூடிப் பூட்டினார். அன்றோடு அவன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

விளையாட்டைச் சோதித்துப் பார்க்க, வெளியீட்டுக்கு முன்பே சிலரை அழைத்தார்கள். கடிதம் எழுதிக் குவித்த புண்ணியத்தில் டார்ச்சுக்கு அழைப்பு வந்தது. ஆனால் ஜோடியாகத்தான் ஆட வேண்டும்; ஒருவர் செத்தால் இருவரும் வெளியே. ஜோடியாகச் சேர்வதற்கான அழைப்பு எண்ணை மனைவி தன் தம்பிக்கு அனுப்பிவிட்டாள்.

“யாரைக் கேட்டு அனுப்பின?”

“ஏங்க, அவனும் இந்த எழவுக்குத்தான் ஆறு மாசமா தவம் கிடக்கறான். ஒரு சாக்கு கிடைச்சிருக்கு. இந்தத் தடவையும் அவன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுப் போனான்னா, நான் அவனோடயே போயிருவேன். இந்த வீட்டுக் கேன்டீனை நீங்களே நடத்திக்குங்க.”

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மைத்துனன் வந்தான். லேப்டாப்பை மேஜையில் வைத்தான். பக்கத்தில் காகிதப் பொட்டலத்தில் ஒரு பெரிய பன் வைத்தான். கேன்டீன் பன். அத்தானைப் பார்க்காமல், “சவுக்கியமா?” என்று லேப்டாப்பைக் கேட்டான்.

“ம்” என்றார் டார்ச், பொட்டலத்தில் படிந்திருந்த எண்ணெய்க் கறையை அளந்தபடி.

ஆட்டம் தொடங்கியது. இடிந்த ஊர், சாம்பல் வானம், சாக்கடையோரம் இரண்டு பேர். மைத்துனன் வேலி தாண்டினான், நாய்க்கு டிமிக்கி கொடுத்தான், விறகு பொறுக்கினான். டார்ச் தண்ணீர் காய்ச்சினார்.

“அத்தான், வாங்க. அந்தப் பக்கம் ஆளு வர்றான்.”

“இரு, இன்னும் கொதிக்கல.”

கொதித்தது. கழுவினார். கதவைத் தொட்டார்; கை அழுக்கானதாகத் திரை காட்டியது. திரும்பக் கழுவினார். வாளியைத் தொட்டார். திரும்பவும். நாற்பது நிமிடத்தில் பதினொரு தடவை கை கழுவியிருந்தார். ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. திரையின் மூலையில் பசிக்கோடு சிவந்து துடித்தது. அவருடைய ஆள் தள்ளாடி மண்ணில் விழுந்தான்.

மைத்துனன் ஓடிவந்து ஒரு டின்னை நீட்டினான். மூடி உப்பியிருந்தது. உள்ளே பச்சையாக ஏதோ நெளிந்தது.

“எங்கேர்ந்து எடுத்த?”

“குப்பையிலேர்ந்துதான். பின்ன, சூப்பர் மார்க்கெட்லேர்ந்தா? தின்னுங்க அத்தான், இன்னும் அரை நிமிஷம்தான் இருக்கு.”

“தேதி தெரியலையே. கையும் மண்ணா இருக்கு.”

“அத்தான்.” மைத்துனன் அன்றுதான் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தான். “நீங்க செத்தா நானும் வெளிய. ரெண்டாவது தடவையா என்னை மூடாதீங்க.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

டார்ச் கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கியிலிருந்து சளசளவென்று மெல்லும் சத்தம் வந்தது. அந்த அம்சத்தைப் பற்றி எந்தப் புதனும் யாரும் எச்சரிக்கவில்லை. திரையில் அவருடைய ஆள் குனிந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தான், வாயைத் துடைத்தான், எழுந்து நின்றான்.

“பிழைச்சுட்டீங்க!” என்று மைத்துனன் சிரித்தான். சிரித்தபடியே பிடரியைப் பரபரவென்று சொறிந்தான். அதே கையால் பன்னைப் பிய்த்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பாதியை நீட்டினான். அப்புறம் கை நீட்டியது நினைவுக்கு வந்தவன்போல மெதுவாக இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

கழுவுதொட்டி ஆறடி தூரத்தில் இருந்தது. டார்ச் அதைப் பார்த்தார். மூன்று தலைமுறை விரல்கள் தட்டியதுபோலிருந்த தம் கீபோர்டைப் பார்த்தார். அந்தப் பாதிப் பன்னைப் பற்றி ஒரு முழு ஆய்வறிக்கை அவர் தொண்டை வரை வந்துவிட்டது.

“ஏங்க,” என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள், “தொட்டியில சோப்பு தீந்துபோச்சு. புதுசு எடுத்து வைக்கட்டுமா?”

பதில் சொல்ல அவர் வாய் காலியாக இல்லை.