முன்பக்கம் மட்டும் நின்ற நாள்

தீவில், பத்துபஸ்தி என்ற பகுதியில், ஒரு பிரவுசிங் சென்டரின் பின்னறையில் மேசை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். கடலுக்கு அப்பால் மெயின்லாண்ட் பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப அதுதான் வசதி. செயற்கைக்கோள் வழியாக வந்த ஒரே லைன். முன்பக்கத்து வாடிக்கையாளர்களும் பின்னறையில் நானும் அதைப் பங்கிட்டுக்கொண்டோம்.

பங்கைப் பிரித்தது கடையில் வேலை பார்த்த பெண்; கப்பலில் போகவேண்டிய ஹட் பேயிலிருந்து வந்தவள். அவள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து எண்ணெய்ப்பனை வேலையில் குடியமர்த்தப்பட்டது. சுனாமிக்குப் பிறகு வீட்டில் சம்பளம் வாங்கியது அவள் ஒருத்திதான். ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரின் மையமான கெர்னலுக்குள் நேம்ஸ்பேஸ் என்ற தனி அறை அமைத்து, முன்பக்கத்து மெஷின்களை அதன் வழியே அனுப்பியிருந்தாள். பின்னறை அந்த அறைக்கு வெளியே இருந்தது.

கடைக்காரருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அவருக்கு இந்த ஏற்பாட்டின் மேல் முதலிலிருந்தே சந்தேகம். "ஒரு லைனுக்கு எதுக்கும்மா ரெண்டு ரூம்? எதை ஒளிக்கே?" என்று அவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அவள் டைப் செய்யும்போது பின்னால் நின்று, பாக்கெட் ஃபார்வர்டிங், அதாவது லைனில் வரும் டேட்டாவை மற்ற மெஷின்களுக்குக் கடத்துவது, நடக்கிறதா என்று பார்க்கும் கட்டளையை மட்டும் கற்றுக்கொண்டிருந்தார். ஒன்று என்று வந்தால் ஓடுகிறது. பூஜ்யம் என்றால் நிற்கிறது.

அவள் லீவில் ஹட் பே போயிருந்தபோது கரெண்ட் போனது. வழக்கத்தைவிட நீண்டதால் இன்வெர்ட்டரும், அதோடு அந்தக் கம்ப்யூட்டரும் முதல்முறையாக அணைந்தன. கரெண்ட் திரும்பியபோது பின்னறையில் லைன் வந்தது. முன்பக்கத்தில் ஒரு வெப்சைட்டும் திறக்கவில்லை.

கடைக்காரர் தன் கட்டளையைப் போட்டார். ஒன்று.

"பாத்தீங்களா சார்? எல்லாம் ஆன்ல இருக்கு. ஆனா உங்க பக்கம் மட்டும் ஓடுது." என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கப்பல் ஏறுததுக்கு முன்னாடி என்னமோ பண்ணிட்டுப் போயிருக்கா. நான் கெஞ்சணும்னுதான். வரட்டும், சம்பளக் கணக்கு முடிச்சு அனுப்பிர வேண்டியதுதான்."

எனக்கும் அவளைச் சந்தேகிக்கத் தோன்றியது. ஒரு பக்கம் மட்டும் நிற்பது தற்செயலாகத் தெரியவில்லை. ஆனாலும் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்காமல் செய்தி எழுதிப் பழக்கமில்லை. அவளுக்குப் போன் கிடைத்ததும் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி, வெளிய நின்னு பாத்தா எப்பிடிங்க தெரியும்? அந்த ரூமுக்குள்ள போயி கேளுங்க. அதுக்கு அதோட செட்டிங் வேற," என்றாள்.

அவள் சொன்னபடி, அதே கட்டளையை நேம்ஸ்பேஸுக்குள் ஓடும்படி அடித்தேன். பூஜ்யம் என்று வந்தது. ஒன்றாக மாற்றியதும் முன்பக்கம் ஓடியது.

கடைக்காரருக்கு அது போதவில்லை. "பூஜ்யமாக்கினது யாரு?"

"யாருமில்ல. பூட் ஆகும்போது ரூம் மொதல்ல உருவாகுது, வெளிய ஒன்னு ஆகுறது அப்புறந்தான். அப்ப இருந்த பூஜ்யத்தோடயே ரூமுக்குள்ள இருக்குறது நின்னுரும். மொதல்ல அமைச்ச அன்னிக்கு நான் கையால ஒன்னாக்குனேன்."

"ஓஹோ. அப்ப தெரிஞ்சுதான் விட்டிருக்கே."

"அப்பத் தெரியாதுங்க, இப்ப பூஜ்யம்னு வந்ததுந்தான் புரிஞ்சுது. ஒரு தடவ நிறுத்திப் பாக்கணும்னு எத்தன வாட்டி கேட்டேன்? ஓடுற மெஷின தொடாதே, லைன் போனா எப்ப வரும்னு கடவுளுக்குத்தான் தெரியும்னு சொன்னது யாரு? நிறுத்தியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே, அண்ணாச்சி."

அது உண்மை. அவர் அப்படிச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இந்தத் தீவில் லைன் வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான். வந்ததை யாரும் கை வைத்துச் சோதிக்கமாட்டார்கள்.

கப்பல் கிடைத்து அவள் திரும்பியதும், பூட் ஆகும்போதே அந்த அறைக்குள்ளும் ஒன்று என்று ஆகும்படி எழுதினாள். கடைக்காரர் தானே மெயினை அணைத்தார். மீண்டும் போட்டதும் இரண்டு பக்கமும் ஓடின. திருப்தியாகாமல் மறுபடியும் அணைத்தார். மறுபடியும் ஓடின.

"சரி, நாளைக்கு வா," என்றார்.

அவள் புது பாஸ்வேர்டைக் கேட்டாள். அவள் ஊரில் இருந்தபோதே கடைக்காரர் அதை மாற்றிவிட்டிருந்தார்.

"அத நானே அடிக்கேன். அந்த நேரம் நீ அங்கிட்டுப் பாத்துக்க."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தேக்கோ, பாருங்க சார், வேல பக்கா. நம்பிக்கதான் பந்த், மூடிட்டாரு."

தினமும் காலையில் அவர் கீபோர்டைக் கையால் மறைத்துக்கொண்டு அடிப்பார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பாள். வடக்கே மாயாபந்தரில் ஓர் ஆபீஸ் வேலை கிடைக்கும்வரை அப்படித்தான் நின்றாள்.