சாய்கோடு இல்லாத வீட்டு எண்

மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் என் வீட்டுக்கு எதிரே ஓர் அக்கா இருக்கிறார். மாநகராட்சியில் துப்புரவு வேலை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். மிளகுக் கிடங்கின் பின்சுவரை ஒட்டிய லைன் வீடுகளில் இரண்டாவது அவருடையது. எண் 8/41/2. வார்டு எட்டு, கட்டடம் நாற்பத்தொன்று, வீடு இரண்டு. இங்கே யாரைக் கேட்டாலும் சாய்கோட்டை ‘பை’ என்றுதான் வாசிப்பார்கள்.

முட்டி வலி முற்றியதும், தெருக்குழாயிலிருந்து குடம் தூக்க முடியாமல், வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு கேட்டு இணையத்தில் விண்ணப்பித்தார். பதில் கைபேசிக்கு வந்தது. பூட்டிய கட்டடம், ஆள் வசிக்கவில்லை, நிராகரிக்கப்பட்டது.

“தம்பி, என்னைப் பூட்டிக் கெடக்குன்னு எழுதிட்டுப் போயிருக்கான். நான் உள்ள இருந்து கப்பைக்கிழங்கு தின்னுட்டிருக்கேன்” என்றார்.

அந்த இணையப் பக்கத்தைச் செய்தது கலூரில் நான் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனம். பத்திரிகையில் பல வருடம் பிழை திருத்தியவன் நான். இப்போது மென்பொருளில் பிழை, அதாவது ‘பக்’, தேடுகிறேன். இந்தப் பக்கம் நான் சேர்வதற்கு முன்பே வெளியானது. அன்று திறந்து, 8/41/2 என்று அடித்துப் பார்த்தேன். 8412 என்று பதிவானது. எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆய்வுக்கு வந்தவர் அதை 8/412 என்று படித்திருக்கிறார். அது ஷட்டர் துருப்பிடித்த இஞ்சிக் கிடங்கு. அவர் எழுதியது உண்மைதான்.

எங்கள் குழுத் தலைவரிடம் போனேன். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இளையவர்.

“ஸ்பெஷல் கேரக்டர் எல்லாம் டேஞ்சர் சார். ஒரு மேற்கோள் குறியை வச்சே டேட்டாபேஸைக் காலி பண்ணிடுவாங்க.”

“சாய்கோடு என்ன பண்ணும்?”

“எதுக்கு ரிஸ்க்? எழுத்து, எண் தவிர எல்லாத்தையும் தூக்கிட்டேன். ஒரே வரி கோடிங்.”

அந்த ஒரு வரியைப் பற்றிய பெருமை முகத்தில் தெரிந்தது. ஆபத்து குறியில் இல்லை. பயனர் எழுதியதைக் கட்டளையோடு ஒட்டி டேட்டாபேஸுக்கு அனுப்பும் சோம்பலில் இருக்கிறது. கட்டளையைத் தனியாகவும் அவர் தந்ததைத் தனியாகவும் அனுப்பினால், எந்தக் குறியும் வெறும் குறிதான். திரையில் காட்டும்போது அந்த இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டினால் போதும். இது தொழிலின் அரிச்சுவடி. ஏற்க முடியாது என்றால் முகத்துக்கு நேரே சொல்லவாவது வேண்டும். ஒருவர் சொன்னதை அவருக்குத் தெரியாமல் வெட்டி, அவர் பெயரிலேயே பதிவு செய்வதைப் பத்திரிகையில் மோசடி என்போம். இங்கே அதற்குக் ‘கிளீன் பண்றது’ என்று பெயர். அக்கா தினமும் தெருவைக் கிளீன் பண்ணுகிறார். குப்பையோடு வீட்டை வாரிக்கொண்டு போவதில்லை.

நிறுவனத்தின் பிழைப் பட்டியலில் முறையாகப் புகார் பதிவு செய்தேன். அதற்குள் அக்கா சேவை மையத்தில் மறுபடி விண்ணப்பித்துவிட்டார்.

“கவுண்டர்ல இருந்த பொண்ணு, ‘சேச்சி, கோடு அடிச்சா வேற வீட்டுக்குப் போகும், பைன்னு எழுதிடலாம்’னுச்சு. எல்லாருக்கும் அப்படித்தானாம்.”

எல்லாருக்கும் அப்படித்தான். பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்தில் 8by41by2. இன்னொருவர் bai. ஒருவர் slash என்றே எழுதியிருந்தார். மட்டாஞ்சேரியின் பாதி முகவரிகள் இப்படிக் கிடந்தன. நாளை இவற்றை வைத்துக் கணினியில் ஒரு வீட்டைத் தேட யாராலும் முடியாது.

இந்த முறை ஆய்வுக்கு வந்தவர் நேராக அக்கா வீட்டு வாசலில் நின்றார். சில வாரங்களில் குழாய் வந்தது. தலைவரிடம் சொன்னேன்.

“தண்ணி வந்துருச்சுல்ல? அப்ப என்ன சார் பக்?”

என் புகாரை அங்கேயே மூடினார். மறுநாள் அந்தப் பக்கத்தில் முகவரிக் கட்டத்தின் கீழே சிவப்பில் புதிதாக ஒரு வரி இருந்தது: சாய்கோட்டுக்குப் பதிலாக ‘by’ என்று எழுதவும்.