எடை போட்ட பிறகு ஒரு கைப்பிடி

மணியம்மாளிடம் இறால் வாங்கியவர்கள் யாரும் கொசுறு கேட்டதில்லை. கேட்பதற்குள் அவள் கை போட்டுவிடும். பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, இறாலைக் கூறு கூறாகப் பிரித்து வைத்து உட்கார்ந்திருப்பாள். பேரம் முடிந்து ஒரு கூறை வாங்குகிறவர் பைக்குள் தள்ளிய கையோடு, பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி மேலே போடுவாள். அது தர்மம் இல்லை. வியாபாரம் சண்டையில்லாமல் முடிந்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அவள் காய் வாங்கப் போனாலும் இதே கதைதான். காசைக் கொடுத்ததும் கொஞ்சம் கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய் அவளே எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். கடைக்காரர் அந்த நேரம் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருப்பார். உலகம் முழுக்க இப்படித்தான் என்று நாற்பத்தெட்டு வயது வரை அவள் நினைத்துக்கொண்டிருந்ததில் என்ன ஆச்சரியம்?

ஏரியில் அவளுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தவாக்கில் நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற கூட்டத்துக்காரி. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் இருக்கிற நாலைந்து மணி நேரமும் வாய் திறக்க வழியில்லை. அதற்கெல்லாம் சேர்த்து அம்மா கரையில் பேசித் தீர்த்துவிடும் என்று மகள் சத்யா கிண்டல் செய்வாள். பேச்சு எப்படியிருந்தாலும் வியாபாரம் சுத்தம். கெட்டுப்போன இறாலை நல்லதுக்கு அடியில் ஒளித்து விற்றாள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அந்தத் தெருவைத் தாண்டிப் போகவும் முடியாது.

சத்யாவைக் கட்டிக் கொடுத்தது மீஞ்சூரில். மருமகன் ரஞ்சித்குமாருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. சம்பந்தி வீடு கொஞ்சம் கௌரவம் பார்க்கிற வீடு. போனால் நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள், "இன்னும் ஏரிக்குத்தான் போறீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் தவறாமல் கேட்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சத்யாவுக்கு வளைகாப்பு. சாப்பாட்டுச் சாமான் தாய்வீட்டுச் செலவு. மீஞ்சூரில் புதிதாகத் திறந்திருக்கிற பெரிய தள்ளுபடிக் கடையில் எல்லாம் மலிவு, மாமியார்கூட வாராவாரம் அங்கேதான் வாங்குகிறார் என்று சத்யா போனில் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை மணியம்மாள் இரண்டு பைகளைச் சுருட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ரயில் பிடித்து மீஞ்சூரில் இறங்கினாள்.

மாத முதல் வாரம் என்பதால் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. சர்க்கரை அலமாரிக்கு முன்னால் டிராலியும் டிராலியும் மோதிக்கொண்டிருந்தன. நல்ல துணி உடுத்தியவர்கள் செய்கிற காரியங்களைப் பார்த்து மணியம்மாளுக்கு வாயடைத்துப் போயிற்று. ஒரு அம்மாள் கையில் எடுத்த ஐஸ்கிரீம் டப்பா வேண்டாமென்று தோன்றியதும் அதைக் குளியல் துண்டுகளுக்கு நடுவே செருகிவிட்டு நடையைக் கட்டினார். இன்னொருவர் சோப்பு உறையைக் கிழித்து மோந்து பார்த்துவிட்டு, கிழியாத சோப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். முந்திரித் தொட்டியருகே சலவைச் சட்டைக்காரர் ஒருவர் ருசி பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மணியம்மாள் அந்த ஐஸ்கிரீமை எடுத்து, குளிர்பெட்டி எங்கே என்று நாலு பேரைக் கேட்டுக் கண்டுபிடித்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். யாருடையதோ என்றாலும், பொருள் பாழாவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பருப்பு வகைகளைத் தொட்டிகளில் கொட்டி வைத்திருந்தார்கள். வேண்டியதை நாமே அள்ளிக் கொடுத்தால், தராசுக்குப் பின்னால் நிற்கிற பெண் எடை போட்டு, பை மேல் விலைச்சீட்டு ஒட்டித் தருவாள். அந்தப் பெண்ணின் பெயர் தேவதர்ஷினி. ஏரிக்கு மேற்கே நெல் விளைகிற ஒரு கிராமத்துப் பெண். மணியம்மாளின் உளுந்து சரியாக இரண்டு கிலோ நின்றது. சீட்டு ஒட்டி, பையை லேசாக முடிந்து கொடுத்தாள். மணியம்மாள் முடிச்சை அவிழ்த்தாள், தொட்டியிலிருந்து தாராளமாக ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள், மறுபடி முடிந்துகொண்டாள். தேவதர்ஷினி அதைப் பார்த்துச் சிரித்தாள். அவளும் கொசுறு தெரிந்த ஊர்க்காரிதான். வேண்டாமென்று சொல்ல வாய் வருவதற்குள் அடுத்தவர் தன் பையைத் தராசில் வைத்துவிட்டார்.

தள்ளுபடி நாட்களில் வாசலில் இன்னொரு தராசு இருக்கும். காவலுக்கு நிற்கிற மூர்த்தி, தோன்றிய பையை எடுத்து மறு எடை போட்டுப் பார்ப்பார். காசு கட்டிவிட்டு வந்த மணியம்மாளின் பையில் அவருக்கு உளுந்து அகப்பட்டது.

"இன்னாம்மா இது? சீட்டுல ரெண்டு கிலோ இருக்குது, பையில அதுக்கு மேல நிக்குது?"

"ஆமா, கொசுறு போட்டுக்கினேன்" என்றாள் மணியம்மாள், முகத்தில் சிரிப்புகூட மாறாமல்.

மூர்த்தி குரல் கொடுக்க, மேலாளர் வேதாசலம் வந்தார். காலையிலிருந்து நிற்க நேரமில்லாத மனுஷர். கேட்டார், பார்த்தார், போனை எடுத்து அவளைப் படம் பிடித்தார். "இதுக்குப் பேரு திருட்டும்மா. போட்டோ நாளைக்கு அங்க ஏறும்" என்று வாசலுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பலகை. அதில் வரிசையாக முகங்கள். மேலே சிவப்பு எழுத்தில் என்ன எழுதியிருக்கும் என்று படிக்கத் தெரியாமலே அவளுக்குப் புரிந்தது. சம்பந்தியம்மாள் வாராவாரம் நுழைகிற வாசல் அது.

அதற்குள் தேவதர்ஷினி ஓடி வந்துவிட்டாள். "சார், அந்தக்கா மேல தப்பில்ல. நான்தான் சரியா பாக்காம சீட்டு ஒட்டிட்டேன்."

"அப்ப புகார உன்மேலதான் எழுதணும். நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார் வேதாசலம்.

அதற்கும் அந்தப் பெண் சொன்னதை மாற்றவில்லை. மணியம்மாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், படம் பலகைக்குப் போகாது. ஒரு நொடி அவள் திறக்கவும் இல்லை. அதை மறைத்துவிட்டு அவளை உத்தமி என்று சொல்வது நியாயமாகாது. மகளின் வளைகாப்பு கண்ணில் நிற்கிறவள் அவள்.

"அது பொய் சொல்லுது சார்" என்றாள் பிறகு. "என்னைக் காப்பாத்தணும்னு சொல்லுது. அது சரியாத்தான் போட்டுச்சு. அப்பால நான்தான் ஒரு கை அள்ளிப் போட்டேன். எல்லாரும் பாக்கத்தான் போட்டேன். திருடுறவ இடுப்புல சொருகுவாளா, சீட்டு ஒட்டுன பையில போடுவாளா? எங்கூர்ல எறா விக்கிறப்ப நானே அள்ளிக் குடுப்பேன். வாங்குறப்ப நானே எடுத்துக்குவேன். இங்க அப்டி இல்லைனு எனக்குத் தெரியாது. தப்புனா தப்புதான். ஆனா திருடினு ஒட்டாதீங்க சார். எம் பொண்ணு வாழ்ற ஊரு இது."

சொல்லி முடித்ததும் அழுதாள். அழுததில் அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது.

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அதில் சலவைச் சட்டைக்காரரும் இருந்தார், மெல்லுவதை நிறுத்தியிருந்தார். மணியம்மாளின் பார்வை அவர்மேல் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் விரலை நீட்டியிருப்பார்கள். அவள் நீட்டவில்லை. இன்னொருவரை இழுத்துவிட்டுத் தான் கரையேறுவது அவளுக்குப் பிடிக்காத வேலை.

வேதாசலம் தேவதர்ஷினியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "சரி விடு. நீ போய் வேலையைப் பாரு" என்றார் அவளிடம். மணியம்மாளிடம், "கூட இருக்கறதக் கொட்டிட்டுக் கெளம்பும்மா" என்றார்.

"கொட்ட மாட்டேன். எடை போட்டு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உளுந்துப் பையோடு திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் விடுகிறோம் என்றார்கள், மாட்டேன் என்றாள். அவள் முறை வருவதற்குச் சற்று முன்னால் சலவைச் சட்டைக்காரர் தராசின் அருகே வந்து, "நானும் கொஞ்சம் முந்திரி சாப்ட்டுட்டேம்மா, அதையும் சேத்துக்க" என்று தணிந்த குரலில் சொன்னார். வயிற்றுக்குள் இருப்பதை எந்தத் தராசில் வைப்பது என்று தேவதர்ஷினிக்குப் புரியவில்லை. கடைசியில் அவரே ஒரு கை முந்திரியை அள்ளி எடை போடச் சொல்லி, சீட்டை வாங்கிக்கொண்டு முந்திரியைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுக் காசு கட்டப் போனார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். மணியம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

புதுச் சீட்டுக்கு மிச்சக் காசைக் கட்டிவிட்டு வாசலுக்கு வந்தவள் நேராக வேதாசலத்திடம் போனாள். "போட்டோவ அழிங்க சார். என் கண்ணு முன்னாடி அழிங்க."

அவர் போனை அவள் பக்கம் திருப்பி அழித்துக் காட்டினார். "மனசுல வச்சுக்காதீங்கம்மா" என்றார். வெளியே அடியெடுத்து வைக்கப் போனவள் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். எட்டத்திலிருந்து வெறும் முகங்களாகத் தெரிந்தவை இப்போது ஆட்களாகத் தெரிந்தன. இரண்டாவது படத்தில் கஸ்தூரி. மணியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி, தினமும் அவளோடு ஏரியில் இறங்குகிறவள். இரண்டு மாதமாக மீஞ்சூர் பக்கமே வர மாட்டேன் என்கிறாள். இன்று காலை கூப்பிட்டதற்குக்கூடத் தலைவலி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படத்தில் அவள் கையில் விலைச்சீட்டு ஒட்டிய ஒரு துவரம்பருப்புப் பை இருந்தது.

மணியம்மாள் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இவள இன்னானு கேட்டீங்களா சார்?"

வேதாசலம் படத்தைப் பார்த்தார். கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. பொய் சொல்லவும் அவருக்கு வரவில்லை. நகத்தால் படத்தின் முனையைக் கிளப்பி, பொறுமையாக உரித்தெடுத்தார். கசக்கப் போனவரை மணியம்மாள் கை நீட்டித் தடுத்தாள்.

"என்கிட்ட குடுங்க. அவ கையில குடுக்கிறேன். கிழிக்கிறத அவளே கிழிக்கட்டும்."