தர்மேனுக்கு ஒரு ஜோடிக் கார்டு

வாடிக்கையாளர்களில் ஒரு ரகத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். தான் கடைக்கு வராமல் அம்மாவை அனுப்பிச் சாமான் வாங்கிவரச் சொல்கிற பிள்ளைகள். அம்மா பாவம், எதையோ வாங்கிப் போவார். மறுநாள் இவன் வந்து, "இது இல்ல நானா, வேற" என்று அண்ணன் முறை சொல்லி மூக்கால் அழுவான். அதனால்தான் லிங்கி பக்கத்து எஸ்டேட்டிலிருந்து புனிதாக்கா சிரம்பானில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு மாடிப்படி ஏறி வந்தபோது நான் வாயை அடக்கவில்லை.

"என்னக்கா, தர்மேன் தொரைக்கு நடக்க முடியலயா? அம்மாவ அனுப்பிட்டு வீட்டுல கால் நீட்டிக்கிட்டு இருக்காரா?"

அக்கா கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவர் மகனுக்கு நான் விற்ற கிராஃபிக்ஸ் கார்டு. கைரேகை படாமல் விளிம்பை மட்டும் பிடித்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு ஜோடி வேணும் நஸ்ருதீன் நானா."

புனிதாக்காவின் கணவர், பையன் கைக்குழந்தையாக இருக்கும்போது ஜோகூரில் வேலை என்று கிளம்பிப் போனவர், போனவர்தான். அக்கா விடியுமுன் ஃபேக்டரி பஸ் ஏறி நீலாய்க்குப் போவார். அங்கே மின்பலகைகளில் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே பிள்ளையை ஆளாக்கினார். தர்மேந்திரனுக்குப் பள்ளிச் சட்டை, சைக்கிள் எல்லாமே யார் யார் பிள்ளைகளோ வளர்ந்து கழித்தவைதான். வேலைக்குப் போன பிறகும் கம்ப்யூட்டரைத் துண்டு துண்டாகத்தான் சேர்த்தான். பெட்டி ஒருவனிடம், திரை இன்னொருவனிடம். கார்டு என்னிடம், அதுவும் பழையது. அந்த வருஷங்களில் கேம் ஆடுகிற பையன்களுக்கு இரட்டைக் கார்டு பைத்தியம் பிடித்திருந்தது. ஒரே வகைக் கார்டு இரண்டை ஒரு சின்னப் பட்டையால் இணைத்துவிட்டால் படம் தடங்கலில்லாமல் ஓடும். "அடுத்தத புதுசா வாங்குவேன் நானா, பெட்டியோட" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் ஆளைக் காணோம். வேறு கடை பிடித்துவிட்டான் என்று மனதுக்குள் திட்டியும் இருக்கிறேன்.

அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து அக்கா முன்னால் வைத்தேன். ஒன்று அச்சு அசல் அதே கார்டு, ஆனால் யாரோ போட்டுக் கழற்றியது. மற்றது பெட்டி பிரிக்காதது. பெயரும் அதேதான், மெமரி மட்டும் இரண்டு மடங்கு.

"பழச எடுங்கக்கா. புதுசு பார்க்கத்தான் ஒன்னுபோல. மெமரி வேறயா இருந்தா ரெண்டும் சேராது."

"ஒரே பெட்டிக்குள்ள வச்சாலுமா?"

"பக்கத்துல பக்கத்துல இருக்கும். சேர்ந்து வேல செய்யாது."

அவர் பழையதைக் கையில் எடுத்தார். அதன் மூலையில் யாரோ கீறிவிட்ட கோட்டை விரலால் தடவினார். திரும்ப வைத்துவிட்டார்.

"படையல்ல பழசு வைக்கக் கூடாதே நானா."

"யாருக்குப் படையல்?"

"தர்மேனுக்குத்தான். வர்ற வெள்ளி வருஷத் திவசம்."

கொஞ்ச நேரம் முன் நான் பேசிய பேச்சு என் காதிலேயே திரும்ப ஒலித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"டிங்கிக் கொசு கடிச்சிருக்கு. சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சி, மாத்திரையக் கொடுத்துட்டு வேலைக்குப் போயிட்டேன்" என்றார் அக்கா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போன்ற குரல். நான் கேட்கவேயில்லை. "எந்நேரமும் அந்தக் கம்ப்யூட்டர்தான். சாப்பிட்டுட்டு ஆடுடா, சாப்பிட்டுட்டு ஆடுடான்னு பின்னால நின்னு கத்துவேன். திரும்பியே பார்க்க மாட்டான்."

பிறகு இரண்டு கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆசப்பட்டத வைக்கணும். அடுத்தவங்க பொழங்குனத வைக்கக் கூடாது. ஆனா சேராததக் கொண்டுபோய் வச்சா அவனுக்கு என்ன சந்தோஷம்?"

புதியதும் சேரும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்? பரம்பரை வியாபாரி நான், ஆனாலும் அந்தப் பொய் வாயில் வரவில்லை. அவரே முடிவு செய்தார்.

"உசுரோட இருந்தப்ப எல்லாத்தையும் பழசாவே கொடுத்தேன். செத்த பொறவுமா பழசு கொடுப்பேன்? புதுசக் கொடுங்க. சட்டைன்னா படையல் முடிஞ்சதும் யாராச்சும் உடுத்திக்குவாங்க. இத நீங்க வந்து மாட்டிக் கொடுங்க நானா."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் வீட்டின் பின்சுவர் வரை வந்திருந்தன. வாழையிலையில் கோழிக்குழம்பு, நெத்திலிச் சம்பல், ஒரு டின் குளிர்பானம், மடிப்புக் கலையாத நீலச் சட்டை. சட்டையின் மேல் அந்தப் பெட்டி. சூடம் காட்டி முடிக்கும்வரை வெளியே நின்றேன். அக்கா பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

தர்மேனின் கம்ப்யூட்டரில் பழையது, புதியது இரண்டையும் மாட்டி இயக்கினேன். அதன் கண்ணாடிப் பக்கம் வழியாக அக்கா குனிந்து பார்த்தார். பழைய கார்டின் விசிறி கடகடவென்று சுற்றியது. புதியது அசையவில்லை.

"புதுசு சுத்தலயே. கெட்டதா?"

"இல்லக்கா. சும்மா இருந்தா இது சுத்தாது. கேம் ஆடணும், சூடாகணும், அப்பத்தான் சுத்தும்."

"ஆட ஆளு வேணுமே" என்றார்.

கேம் புதிய கார்டில் ஓடுவதற்காகத் திரையின் கேபிளை அதில் செருகிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் விற்றிருக்கிறேன், ஒரு நாளும் ஆடியதில்லை. அவன் ஆடிய கேமைத் திறந்ததும் துப்பாக்கி வைத்திருந்த ஒருவன் திரையில் வந்தான். அவனை எப்படி நடத்துவது என்று தெரியாமல் கொண்டுபோய்ச் சுவரில் முட்டினேன். மறுபடி முட்டினேன். கொஞ்ச நேரத்தில் புதிய விசிறி மெல்ல அசைந்து, பிறகு சீராகச் சுற்றத் தொடங்கியது. அந்தச் சின்ன அறையில் இரண்டு விசிறியின் சத்தமும் கேட்டது.

பின்னால் தட்டு வைக்கிற சத்தம்.

"சாப்பிட்டுட்டு ஆடுடா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.