இரண்டு முறை கழுவிய குழாய்

யசோதா குழாயடிக்கு வந்தவுடன் தண்ணீர் பிடிக்கமாட்டாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அடுப்புச் சாம்பலைக் கட்டைவிரலில் எடுத்து, குழாயின் வாயை உள்ளும் புறமும் தேய்ப்பாள். விரலை ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். பிறகு திறந்துவிட்டு, கறுத்த நீர் ஓடித் தெளியும்வரை இடுப்பில் கைவைத்து நிற்பாள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததும் அண்ணி சரோஜா வருவாள். அதே வாயை அதே மாதிரி சாம்பல் போட்டுத் தேய்ப்பாள்.

“நாயி வாய வச்ச கொழா. கழுவாம புடிக்க முடியுமா?”

“அத்தத்தான் நானும் கழுவிட்டுப் போறேன்” என்பாள் யசோதா, திரும்பாமலே.

மாரிகுப்பத்தில் அவ்வளவு சுத்தமான குழாய் வேறு இல்லை. டீக்கடையில் தங்களுக்கென்று தனி கிளாஸ் வைத்தபோது அதை உடைத்துவிட்டு வந்த குடும்பம் அது. இரண்டு பேருமே அந்தக் குடும்பம்தான். எதிரே, சுரங்கத் தொழிலாளர் லைனில் எங்கள் வீடு; ஜன்னலைத் திறந்தால் குழாயடி.

அவர்கள் யசோதாவின் அப்பா காலத்திலேயே பௌத்தர்கள். அவள் புருஷன் சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் செத்தான். மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அண்ணன் அசோகன் வீட்டுப் பக்கத்தில் மூங்கில் தட்டியால் ஒரு வீடு கட்டிக்கொண்டாள். அறுபத்தாறில், ஒரு மாசிக் காற்றில், அந்தத் தட்டி வீடுகள் மொத்தமும் எரிந்தன. பள்ளிக்கூட வராந்தாவில் சட்டிபானையோடு கிடந்தவர்களுக்கு, சுவர் வைத்து ஷீட் போட்ட வீடுகள் தருவதாக சர்க்கார் சொன்னது. ஆதிதிராவிடருக்கு மட்டும். அதிலும் இந்துவாக இருந்தால் மட்டும். மதம் மாறினால் சாதி போகாது, கூரை மட்டும் போய்விடும்.

அதிகாரி விசாரணைக்கு வந்த அன்று யாரோ ஒரு குங்குமச் சிமிழ் கொண்டுவந்தார்கள். அது வரிசையில் கைமாறிக்கொண்டே போனது. பழக்கமில்லாத விரல்கள். ஒருவருக்குப் புருவத்தில் இருந்தது, ஒருவருக்கு மூக்கில் உதிர்ந்திருந்தது. குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தன.

“உனக்குக் குங்குமங்கூட வேணாம், துண்ணூறு போதும். இழுத்துக்க” என்றாள் சரோஜா.

“எதுக்கு?”

“எதுக்கா? மழ பேஞ்சா ஒழுவாத கூரைக்கு.”

அசோகன் குரலைத் தாழ்த்தினான். “ஒரு வார்த்த சொல்லிட்டுப் பூடலாம் யசோதா. நெத்திய நாளைக்குக் கழுவிக்கலாம்.”

“நாக்க எத்தால கழுவறதுண்ணா?”

“நீ மட்டும் வேற மாதிரி சொன்னா எங்களயும் நோண்டுவாங்க. எல்லாத்தியும் கெடுத்துடாத.”

“என் வாய்க்குத்தான் நான் பொறுப்பு. உங்க வாய்க்கு இல்ல.”

அதிகாரி மதம் என்னவென்று கேட்டார். பௌத்தம் என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு வீடு வந்தது. யசோதா அந்தப் புது வீட்டு வரிசையின் கடைசிச் சுவரை ஒட்டி மறுபடியும் தட்டி கட்டினாள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், மாலை போட்டுக்கொண்டு வந்தவர்கள், யூனியன்காரர்கள், எல்லாரையும் மறித்து ஒரே கேள்விதான் கேட்பாள்: “பௌத்தன் ஊடு எரிஞ்சா நெருப்பு சுடாதா?” அவர்கள் சிரித்துக்கொண்டே நழுவினார்கள். அவள் கூட்டத்துக்கு வந்தால் மைக்கை அவள் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் நின்றான்.

மறு வருஷம் செய்தி வந்தது. அந்த வரிசையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பௌத்தர்கள் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்களாம். வீடுகளைப் பிடுங்கப் போகிறார்களாம். அதே வாரம் யசோதா பங்காருபேட்டைக்கு ரயிலேறினாள். அங்கே, விசாரணைக்கு வந்த அதே அதிகாரியின் அறையிலிருந்து அவள் வெளியே வந்ததை எலெக்ட்ரீஷியன் பர்னபாஸ் கண்ணால் பார்த்தான். சாயங்காலம் அவள் வாசலில் கூட்டம்.

“அங்க போனியா?” என்றான் அசோகன்.

“போனேன்.”

“இன்னா சொன்னே?”

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“பாத்தீங்களாடா, அவ வாயாலயே ஒத்துக்கறா!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

சரோஜா முன்னால் வந்தாள். “எங்க புள்ளைங்க வெயில்ல நின்னா உனக்குக் குளு குளுன்னு இருக்குமாடி?”

அசோகன் முன்பக்கத் தட்டியைப் பிடுங்கி எறிந்தான். உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. யசோதா நகரவில்லை.

“தட்டிய ஒடச்சிட்டே. சட்டி இன்னா பாவம் பண்ணுச்சி? அத்தயும் ஒடச்சிட்டுப் போ.”

அதையும் உடைத்துவிட்டுப் போனான். மகள் சிதறிய அரிசியைப் பொறுக்கக் குனிந்தாள். யசோதா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

வீடுகளை யாரும் பிடுங்கவில்லை. அசோகன் போய் ஆபீஸ் வாசலில் கத்தியதுதான் காரணம் என்று வரிசையே நம்பியது. “கத்தினாத்தான் கவர்மெண்டுக்குக் காது கேக்கும்” என்று அவனும் சொல்லிக்கொண்டான். அன்றிலிருந்துதான் குழாயைக் கழுவுவது ஆரம்பித்தது. யசோதா மகளின் கல்யாணத்துக்கு அந்த வரிசையிலிருந்து ஒரு குஞ்சுகூட வரவில்லை. யசோதாவும் புத்தரில்லை. ஒரு ஆடிக் காற்றில் சரோஜா வீட்டு ஷீட் பறந்தபோது நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். கேட்க நன்றாகவே இல்லை.

எழுபத்து நான்கில், அந்தத் தட்டி வீட்டிலேயே செத்துப்போனாள். எங்கள் லைன்காரர்கள் தூக்கினார்கள். பஞ்சசீலம் சொல்ல ஒரு கிழவர் வந்தார். அசோகன் தன் வாசலில் கை கட்டி நின்றான்; படி இறங்கவில்லை.

பிறகு ஒரு வேலையாக பங்காருபேட்டை போயிருந்தேன். அந்த அதிகாரியிடம் பியூனாக இருந்த நாகேஷ், நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, “அங்க ஒரு விதவையம்மா இருந்துச்சே, நெத்தியில ஒண்ணும் வெக்காம?” என்றார். இறந்துவிட்டாள் என்றேன். அவர் சொன்னார்: அவள் தானாக வரவில்லை, அதிகாரிதான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். அன்று உண்மை சொன்னவள் அவள் ஒருத்திதான், அவள் சொன்னால் நம்பலாம் என்பது அவர் கணக்கு. மற்றவர்களைப் பற்றிச் சொன்னால், காலியாகும் வீடுகளில் ஒன்றை அவளுக்கே தருவதாகவும் சொன்னாராம். யசோதா, “அவங்க எல்லாரும் இந்துதாங்க. தாத்தன் பூட்டன் காலத்துலருந்து. எனக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல” என்று சத்தியம் பண்ணிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாளாம். விசாரணையை அன்றைக்கே முடித்துவிட்டார்கள்.